எண்ணெய்ப் பணம் தங்கும் இடம்: பவுண்டின் சரிவும் டாலரின் ஆட்சியும், 1914–2024

1956 ஜூலை 26 இரவு, அலெக்சாந்திரியாவில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன் எகிப்திய அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். பேச்சின் நடுவே அவர் சொன்ன ‘டி லெசப்ஸ்’ என்ற பெயர்தான் குறிச்சொல். கால்வாயை வெட்டுவித்தவரின் அந்தப் பெயர் வானொலியில் கேட்டதும் அவருடைய ஆட்கள் நிறுவன அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள். இதற்குப் பிரிட்டன் கொடுத்த பதில் என்றால், நவம்பரில் போர்ட் சயீதில் இறங்கிய படைகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் முதல் அடி அதற்கு மூன்று மாதம் முன்பே விழுந்துவிட்டது. ஜூலை முடியும் முன்பே, லண்டனில் எகிப்து வைத்திருந்த பத்துக் கோடிப் பவுண்டுக்கும் மேலான ஸ்டெர்லிங் இருப்பைப் பிரிட்டிஷ் கருவூலம் முடக்கியது. அதில் பெரும்பகுதி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்கு எகிப்து கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் சேர வேண்டிய பாக்கி.

எண்ணெய், நாணயம், போர் மூன்றையும் சேர்த்துப் பேசும்போது ஒரே விளக்கம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: எண்ணெய் டாலரில் விற்பனையாகிறது, அதனால் டாலர் ஆள்கிறது, வேறு நாணயத்துக்கு மாற முயல்பவர் மீது குண்டு விழுகிறது. இந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். எண்ணெய்க்கு எந்த நாணயத்தில் விலை பேசுகிறார்கள் என்பதைவிட, விற்ற பணம் எந்த நாட்டில் தங்குகிறது, அதை உடையவர் வேண்டும்போது எடுக்க முடிகிறதா என்ற கேள்விகளே வல்லரசுகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தீர்மானித்துள்ளன. பவுண்டின் கதையை நிதானமாகப் பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

சொந்தப் பணத்தில் வாங்கிய அயல்நாட்டு எண்ணெய்

பிரிட்டனிடம் நிலக்கரி ஏராளம், எண்ணெய் இல்லை. ஆனால் எண்ணெயில் ஓடும் போர்க்கப்பலுக்கு வேகம் அதிகம், எரிபொருள் ஏற்றுவதும் எளிது. கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் எண்ணெய்க்கு மாறுவதில் உறுதியாக நின்றார். 1908இல் பாரசீகத்தின் (இன்றைய ஈரானின்) மஸ்ஜித் சுலைமானில் கண்டெடுத்த எண்ணெயை வைத்து உருவான ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை 22 லட்சம் பவுண்டுக்கு வாங்க 1914 ஜூனில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. சில வாரங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது.

இந்த ஏற்பாட்டின் பலன் கடற்படையோடு நின்றுவிடவில்லை. மண் பாரசீகத்துடையது, நிறுவனம் பிரிட்டனுடையது, விலை பவுண்டில். அபாதான் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த எண்ணெய்க்காகப் பிரிட்டன் அந்நியச் செலாவணி தேட வேண்டியதில்லை. டாலர் கொடுத்து வாங்க வேண்டிய டெக்சாஸ், வெனிசுவேலா எண்ணெயிலிருந்து இது அடிப்படையில் வேறானது. 1940களின் இறுதியில் லண்டன் அதிகாரிகள் ‘ஸ்டெர்லிங் எண்ணெய்’, ‘டாலர் எண்ணெய்’ என்று இரண்டாகப் பிரித்தே கணக்குப் பார்த்தார்கள்.

காரணம், இரண்டாம் உலகப் போர் பிரிட்டனைக் கடனாளி ஆக்கியிருந்தது. போரின் முடிவில் ஸ்டெர்லிங் நிலுவைகள், அதாவது பிற நாடுகளுக்குப் பவுண்டில் தர வேண்டிய பாக்கி, சுமார் 350 கோடிப் பவுண்டு. இதில் மிகப் பெரிய கடன் கொடுத்த நாடு இந்தியா; அதன் பங்கு ஏறத்தாழ 130 கோடிப் பவுண்டு. இந்தியாவில் வாங்கிய துணி, தானியம், தளவாடங்களுக்கான பணம் லண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்த வரவைக் காட்டி இங்கே ரூபாய் அச்சடிக்கப்பட்டது. விலைவாசி ஏறியது. 1943இல் வங்காளம் பட்டினியில் செத்ததற்கு இந்தப் பணவீக்கமும் ஒரு காரணம். ஓர் ஏழை நாடு தன் மக்களின் உணவைக் குறைத்து ஒரு பேரரசுக்குக் கொடுத்த கடன் அது என்பதை மறந்துவிட்டு ஸ்டெர்லிங் நிலுவைகளை வெறும் கணக்கு வழக்காக எழுதுவது நேர்மையாகாது. போர் முடிந்தபின் அந்தப் பணத்தை இந்தியா விரும்பியபடி எடுக்க முடியவில்லை. தவணை தவணையாகப் பேசிப் பேசித்தான் விடுவிக்க முடிந்தது. 1949இல் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கப்பட்டபோது மீதி இருந்ததன் டாலர் மதிப்பும் அதே அளவு இறங்கியது.

பவுண்டைச் சார்ந்திருந்த ‘ஸ்டெர்லிங் பகுதி’ நாடுகள் ஈட்டிய டாலர்கள் லண்டனில் பொதுவாகச் சேர்க்கப்பட்டன. அதில் காலனிகளில் முதலிடம் மலாயாவுக்கு. அமெரிக்கா வாங்கிய மலாயா ரப்பரில் கணிசமான பங்கு, தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பால் வெட்டிச் சேர்த்தது. பவுண்டு தன் வலிமையைவிட நீண்டகாலம் நிமிர்ந்து நின்றதற்கு அவர்களுடைய உழைப்பும் ஒரு முட்டு.

அந்த முட்டு போதவில்லை. 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாடு ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்ற விலையை அச்சாக வைத்து புதிய நாணய ஒழுங்கை அமைத்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. நிபந்தனைப்படி 1947 ஜூலை 15 முதல் பவுண்டைத் தடையின்றி டாலராக மாற்ற அனுமதித்தது. கையில் பவுண்டு வைத்திருந்தவர்கள் டாலருக்கு ஓடினார்கள். ஐந்தே வாரத்தில், ஆகஸ்ட் 20 அன்று, அனுமதி நிறுத்தப்பட்டது.

1951இல் ஈரானியப் பிரதமர் மொசாதிக் தன் நாட்டு எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியபோது, பிரிட்டன் எண்ணெய்ப் புறக்கணிப்போடு சேர்த்து ஈரானின் ஸ்டெர்லிங்கை டாலராக மாற்றும் வசதியையும் பறித்தது. 1953இல் பிரிட்டிஷ், அமெரிக்க உளவுத் துறைகளின் துணையோடு மொசாதிக் கவிழ்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு அமைந்த கூட்டமைப்பில், முழு உரிமை வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியது. அமெரிக்க நிறுவனங்களுக்கும் அதே 40 சதவீதம். உதவிக்கு வந்தவர் பாதி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டார்.

1956 நவம்பர்

1955இல் சூயஸ் கால்வாய்ச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். ஐரோப்பாவுக்குப் போன எண்ணெயிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த வழியேதான் போனது. எனவே கால்வாய் நாசர் கையில் இருப்பதைப் பிரதமர் ஈடன் கழுத்தில் வைத்த கத்தியாகப் பார்த்ததில் வியப்பில்லை. அக்டோபர் இறுதியில் பாரிஸ் அருகே செவ்ரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் இரகசியமாகத் திட்டம் தீட்டின. 29ஆம் தேதி இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது. 31ஆம் தேதி பிரிட்டிஷ் விமானங்கள் எகிப்திய விமானத் தளங்களைத் தாக்கின. நவம்பர் 5, 6 தேதிகளில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் தரையிறங்கின.

போர்க்களத்தில் அவர்கள் தோற்கவில்லை. தோற்றது வேறு இடத்தில். எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. ஈராக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு எண்ணெய் கொண்டுவந்த குழாயின் அழுத்த நிலையங்கள் சிரியாவில் தகர்க்கப்பட்டன. சவூதி அரேபியா பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எண்ணெய் தர மறுத்தது. பவுண்டு கொடுத்து வாங்கக்கூடிய எண்ணெயின் வரத்து ஒரே வாரத்தில் பெரும்பாலும் அற்றுப்போனது. மிஞ்சியது அட்லாண்டிக்குக்கு அப்பாலுள்ள எண்ணெய். அதற்கு டாலர் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் டாலர் கரைந்துகொண்டிருந்தது. பவுண்டின் மதிப்பைத் தாங்கிப் பிடிக்க இங்கிலாந்து வங்கி தன் டாலர் கையிருப்பை விற்றுப் பவுண்டை வாங்க வேண்டும். இந்த வகையில் செப்டம்பரில் 5.7 கோடி டாலர் போனது, அக்டோபரில் 8.4 கோடி, நவம்பரில் 27.9 கோடி. கையிருப்பு 200 கோடி டாலருக்குக் கீழே இறங்கினால் பவுண்டின் இன்னொரு மதிப்பிறக்கத்தைத் தவிர்க்க முடியாது என்ற அச்சம் கருவூலத்தில் வேரூன்றியிருந்தது. அந்த மாத இறுதியில் அது இறங்கியேவிட்டது.

எகிப்தின் கணக்கை முடக்கியதன் விளைவை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். பவுண்டைச் சேமிப்பாக வைத்திருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஜூலையிலேயே ஒரு செய்தி கிடைத்திருந்தது: லண்டனோடு சண்டை வந்தால் லண்டனில் உள்ள பணம் உன்னுடையதல்ல. இந்தியாவுக்கு வேறு தேவையும் இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதிக்காக, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த அந்த மாதங்களில், அதன் லண்டன் இருப்பு வேகமாகக் கரைந்தது. பவுண்டுக்கு அது இன்னொரு சுமை.

நவம்பர் 6 காலை அமைச்சரவை கூடியது. நிதியமைச்சர் ஹரால்ட் மாக்மில்லன், அந்த ஒரு வாரத்தில் பத்துக் கோடிப் பவுண்டு போய்விட்டதாகச் சக அமைச்சர்களிடம் சொன்னார். உண்மையான இழப்பு சுமார் மூன்று கோடிதான். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே மிகைப்படுத்தினாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். படையெடுப்பை ஆரம்பத்தில் மிகத் தீவிரமாக ஆதரித்தவர் அவர்தான். அன்று நள்ளிரவே போர்நிறுத்தம். படைகள் கால்வாயின் தென்முனையை எட்டவே இல்லை.

அமெரிக்கா என்ன செய்தது? ஒரு கப்பலை மறிக்கவில்லை. ஒரு குண்டு போடவில்லை. ஐரோப்பாவுக்கு எண்ணெயைத் திருப்பிவிடத் தயாராக வைத்திருந்த அவசரத் திட்டத்தை ஐசன்ஹோவர் நிர்வாகம் இயக்க மறுத்தது. பன்னாட்டு நாணய நிதியத்திலிருந்து பிரிட்டன் கடன் எடுக்க நிதிச் செயலர் ஜார்ஜ் ஹம்ப்ரி சம்மதிக்கவில்லை. படைகள் வெளியேறும் தேதி தெரியட்டும், பிறகு பேசலாம் என்பதே பதில். டிசம்பர் 3 அன்று பிரிட்டன் வெளியேற்றத்தை அறிவித்தது. டிசம்பர் 10 அன்று நிதியம் 56.1 கோடி டாலர் உடனடிக் கடனும் 73.8 கோடி டாலர் தயார்நிலைக் கடனும் வழங்கியது. இடையில் இருந்தது ஏழு நாள். எகிப்திலும் இந்தியாவிலும் அன்று பலர் சோவியத் பிரதமர் புல்கானினின் ஏவுகணை மிரட்டலே போரை நிறுத்தியது என்று நம்பினார்கள். இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு அது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

பிரான்சோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அதே போர், அதே எண்ணெய்த் தட்டுப்பாடு. ஆனால் பிரான்ஸ் அக்டோபரிலேயே நிதியத்திடம் 26.25 கோடி டாலருக்குத் தயார்நிலைக் கடன் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அது மட்டுமல்ல, பிராங்கைச் சேமிப்பு நாணயமாக வைத்திருந்த வெளிநாடுகள் குறைவு. ஓடிவிடக்கூடிய பிறர் பணம் பாரிஸில் அதிகமில்லை. போரைத் தொடர வேண்டும் என்று கடைசிவரை வற்புறுத்தியது பிரான்ஸ்தான். பிறர் சேமிப்பைக் காக்கும் நாணயம் என்ற பெருமையே பிரிட்டனின் கையைக் கட்டிப்போட்டது.

டிசம்பர் 17 முதல் 1957 மே வரை பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு. ஓட்டுநர் தேர்வுகள் நிறுத்தப்பட்டு, பழகுநர்கள் துணைக்கு ஆளின்றியே வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்டார்கள். ஜனவரியில் ஈடன் பதவி விலக, மாக்மில்லன் பிரதமரானார்.

லண்டன் டாலருக்கு மாறியது

1957 செப்டம்பரில் பவுண்டைக் காப்பதற்காக, மூன்றாம் நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கு ஸ்டெர்லிங் கடன் தருவதை அரசு தடுத்தது. லண்டன் வங்கிகள் தொழிலை விடவில்லை. தங்களிடம் வைப்பாக வந்த டாலரைக் கொண்டே அதே தொழிலைத் தொடர்ந்தன. யூரோடாலர் சந்தை எனப்படுவது வளர்ந்த விதம் இது. அமெரிக்காவில் பணம் வைக்க அஞ்சிய சோவியத் வங்கிகளின் டாலரும் அங்கே வந்து சேர்ந்தது. பேரரசு போனாலும் வங்கித் தெரு பிழைத்தது, அடுத்த வல்லரசின் நாணயத்தை வைத்து.

வளைகுடாவில் இந்தியர்கள் பெரிதும் மறந்துவிட்ட ஒரு மாற்றமும் நடந்தது. குவைத், கத்தார், துபாய் போன்ற இடங்களில் அதுவரை புழக்கத்தில் இருந்தது இந்திய ரூபாய். தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டுகளை வெளியிட்டது. 1961இல் குவைத் தன் தினாருக்கு மாறியது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76இலிருந்து 7.50 ஆக இறக்கப்பட்டபோது மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக விலகின. தம் சேமிப்பு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தேய்ந்ததைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பவுண்டுக்கும் அதே நிலை. 1967 ஜூன் அரபு–இஸ்ரேல் போரில் சூயஸ் கால்வாய் மீண்டும் மூடியது. 1975 வரை திறக்கவில்லை. 1967 நவம்பர் 18 அன்று பவுண்டு 2.40 டாலருக்கு இறங்கியது. இரண்டு மாதத்தில், சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைத் தளங்களை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக அரசு அறிவித்தது. 1968இல் பாசல் உடன்பாட்டின்படி, ஸ்டெர்லிங் வைத்திருந்த நாடுகளுக்கு அதன் டாலர் மதிப்புக்கு பிரிட்டன் உத்தரவாதம் கொடுத்தது. அந்த உத்தரவாதம் 1974 இறுதியில் முடிந்தது. அதே டிசம்பரில், தன் எண்ணெய்க்கு இனி பவுண்டில் பணம் வாங்குவதில்லை என்று சவூதி அரேபியா முடிவெடுத்தது. காப்பு போனதும் நாணயமும் போனது. விலைச்சீட்டு சேமிப்பைப் பின்தொடர்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று இந்த நூற்றாண்டுக் கதையில் எனக்குக் கிடைக்கவில்லை.

1974: எழுதப்படாததும் எழுதப்பட்டதும்

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். 1973 அக்டோபர் அரபு–இஸ்ரேல் போரின்போது வளைகுடா நாடுகள் விலையை ஒரே அறிவிப்பில் 70 சதவீதம் ஏற்றி பீப்பாய்க்கு 5.11 டாலர் ஆக்கின. 1974 ஜனவரியில் அது 11.65 டாலர். பாலைவன அரசுகளின் கையில் கற்பனைக்கு எட்டாத பணம் குவிந்தது.

2024 ஜூனில் சமூக ஊடகங்களில் ஒரு செய்தி பரவியது: எண்ணெயை டாலரில் மட்டுமே விற்கச் சவூதி அரேபியா 1974 ஜூன் 8 அன்று கையெழுத்திட்ட ஐம்பதாண்டு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டதாம். அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. அந்தத் தேதியில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கிசிங்கரும் சவூதி இளவரசர் ஃபஹதும் கையெழுத்திட்டது பொருளாதாரக் கூட்டு ஆணையம் ஒன்றுக்கு. எண்ணெயை எந்த நாணயத்தில் விற்பது என்ற பேச்சே அதில் கிடையாது. முக்கியமான ஏற்பாடு அடுத்த மாதம் நடந்தது. அமெரிக்க நிதிச் செயலர் வில்லியம் சைமன் ஜெட்டாவுக்குப் போனார். அதன் தொடர்ச்சியாக, சவூதி தன் எண்ணெய் வருவாயை அமெரிக்கக் கருவூலப் பத்திரங்களில் இடும், அவற்றை வழக்கமான ஏலத்துக்கு வெளியே வாங்கிக்கொள்ளும், எவ்வளவு வைத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது என்று முடிவானது. பதிலுக்கு ஆயுதமும் பாதுகாப்பும். சவூதியின் இருப்பை மற்ற எண்ணெய் நாடுகளோடு சேர்த்து ஒரே தொகையாகவே அமெரிக்கக் கருவூலம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வெளியிட்டது. 2016இல் முதன்முறையாகத் தனியே வெளியிட்டபோது அது 11,680 கோடி டாலர்.

வாஷிங்டன் அக்கறையோடு பேரம் பேசியது பணம் எங்கே தங்கும் என்பதைப் பற்றி. எந்த நாணயத்தில் விற்பது என்பது தானாக வந்து சேர்ந்தது. 1975இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக், டாலரை விட்டு பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகான சிறப்பு எடுப்புரிமையில் விலை குறிக்க முடிவெடுத்தது. நடைமுறைக்கு வரவே இல்லை. அந்தக் கணக்கு அலகில் கோடிக்கணக்கில் இட்டு வைக்க ஒரு சந்தை எங்கும் இல்லை.

2000 நவம்பரில் சதாம் உசேன் ஈராக்கிய எண்ணெயை யூரோவுக்கு மாற்றினார். 2003 அமெரிக்கப் படையெடுப்பின் காரணமே இதுதான் என்று எழுதுவோர் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. ஐ.நா.வின் ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தில் எண்ணெய் விற்ற அந்தப் பணம் இருந்த காப்புக் கணக்கு, ஒரு பிரெஞ்சு வங்கியின் நியூயார்க் கிளையில். நாணயம் யூரோ; பூட்டு அமெரிக்க மண்ணில். ஈராக் போருக்கு எண்ணெய் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த யூரோ முடிவால் டாலருக்கு எந்த ஆபத்தும் வந்திருக்காது.

முடக்கப்பட்ட கணக்குகள்

1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டதும் அதிபர் கார்ட்டர் ஈரானின் சொத்துகளை முடக்கினார். சுமார் 1,200 கோடி டாலர். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது முடக்கப்பட்ட மத்திய வங்கிச் சொத்து ஏறத்தாழ 30,000 கோடி டாலர். ரஷ்யா முன்யோசனையோடு டாலரைக் குறைத்து யூரோவைப் பெருக்கியிருந்தது. பயனில்லை. முடங்கியதில் பெரும்பகுதி ஐரோப்பாவில்தான், குறிப்பாக பிரஸ்ஸல்ஸின் யூரோகிளியர் நிறுவனத்தில். படையெடுத்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1956இல் எகிப்தின் கணக்கைப் பார்த்து மற்ற நாடுகள் கற்ற பாடத்தையே இன்று ரியாத்தும் பெய்ஜிங்கும் கற்றிருக்கும் என்பதிலும் ஐயமில்லை.

போருக்குப் பின் ரஷ்யக் கச்சா எண்ணெயை இந்தியா பெருமளவில் வாங்கியது. போருக்கு முன் இறக்குமதியில் 2 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2023இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ரூபாயில் வணிகம் செய்ய 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வழி திறந்தது. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் பல நூறு கோடி ரூபாய் தேங்கிக் கிடக்கிறது, பயன்படுத்த முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். லண்டனில் தேங்கிய பணத்துக்காக அலைந்த இந்தியா, இம்முறை பிறர் பணம் தேங்கும் இடமாக இருந்தது. ரூபாயில் விற்க வழி இருந்தது. அந்த ரூபாயைக் கொண்டு வாங்க ரஷ்யாவுக்கு வேண்டிய சரக்கும், நம்பி இட்டு வைக்க ஆழமான கடன்பத்திரச் சந்தையும் போதுமான அளவில் இருக்கவில்லை. 2018 முதல் ஷாங்காயில் யுவானில் நடக்கும் கச்சா எண்ணெய் முன்பேர வணிகத்துக்கும் தடை அதுவே: மூலதனம் உள்ளே போகலாம், விரும்பியபோது வெளியே வருவது எளிதல்ல. உலக மத்திய வங்கிகளின் கையிருப்பில் டாலர் இருபது ஆண்டுகளில் 70 சதவீதத்துக்கு மேலிருந்து 60க்குக் கீழே இறங்கியும், யுவான் இரண்டு சதவீதத்தை ஒட்டியே நிற்பதற்கு இதுவே காரணம்.

இதற்கிடையே மத்திய வங்கிகள் தங்கம் வாங்குகின்றன. 2022 முதல் 2024 வரை ஆண்டுதோறும் ஆயிரம் டன்னுக்கு மேல். தங்கத்தை எங்கே வைப்பது என்பதிலும் அதே கணக்குத்தான். 1990இல் சதாம் குவைத்துக்குள் புகுந்தபோது எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவிலிருந்து தொழிலாளர்கள் அனுப்பிய பணம் நின்று, இந்தியாவின் செலாவணிக் கையிருப்பு காலியானது. 1991 ஜூலையில் 46.91 டன் தங்கத்தை விமானத்தில் அனுப்பி அடகு வைத்தே கடன் பெற முடிந்தது. வாங்கிய கடன் விரைவிலேயே அடைபட்டது. ஆனால் தங்கம் லண்டனிலேயே இருந்தது. பின்னாளில் வாங்கியதிலும் ஒரு பகுதி அங்கேயே தங்கியது. 2024 மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் 408.31 டன் இந்தியாவில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், மொத்தம் இருந்த 854.73 டன்னில் 510.46 டன் உள்நாட்டுப் பெட்டகங்களில். மீதியில் பெரும்பங்கு அப்போதும் இங்கிலாந்து வங்கி, பன்னாட்டுத் தீர்வு வங்கி ஆகியவற்றின் பாதுகாப்பில்தான் இருந்தது.